செம்பட்டை முகக்கோடு உள்ள பேட்ஜர்: மண் கறையா, பிறவி நிறமா?

ஓடைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் டெவன் பகுதியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஹேசல் புதர் மண்டிய ஒரு சரிவு, அதில் பேட்ஜர் (மண்ணில் வளை தோண்டி வாழும், இரவில் நடமாடும் பாலூட்டி) வளை ஒன்று. இருட்டியதும் வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, மண்புழு தேடிப் புல்தரையை மூக்கால் கிளறிவிட்டுப் போகும். புல்தரை போனால் போகட்டும், அவை வருவதைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் பொழுது சாயும் நேரத்திலேயே இரண்டு வந்தன. ஒன்று வழக்கமான பேட்ஜர்: சாம்பல் முதுகு, கறுத்த கால்கள், வெள்ளை முகத்தில் கண்களின் மேலாகக் காது வரை போகும் இரண்டு கறுப்புக் கோடுகள். கூட வந்தது அப்படி இல்லை. கோடு இருக்கிறது, ஆனால் கறுப்பு இல்லை, நல்ல செம்பட்டை. காலும் வயிறும் அதே செம்பட்டை. முதுகு வெளிர் மணல் நிறம். பருமன், நடை எல்லாம் மற்றதைப் போலவேதான்.

என்னைக் குழப்புவது டிரெயில் கேமரா, அதாவது அசைவு தெரிந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா. அதே பேட்ஜர் ராத்திரி வீடியோவில் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிகிறது. முகக்கோடு இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் புலப்படுகிறது. அப்படியென்றால் இது அல்பினோவா, அதாவது பிறவியிலேயே நிறமி இல்லாததா? அல்லது இங்கே மண்ணே சிவப்பு என்பதால் கறை ஏறியிருக்கிறதா? இன்னொரு சந்தேகம்: வழக்கமான நிறத்தில் வந்ததற்கு வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. நோய் ஏதாவது பரவுகிறதா, அதனால்தான் நிறமும் மாறுகிறதா என்று கவலையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தாழைமடல் எழுதியது:

டெவன் என்றாலே செம்மண்தான். அங்கே ஆட்டு மந்தைகூட மழைக்காலத்தில் சிவந்துபோய் நிற்கும். பேட்ஜர் பாதி வாழ்நாளை மண்ணுக்குள் கழிக்கிற பிராணி. கறை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் வெளிறிப்போன பேட்ஜர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் வளை தோண்டும் மண்ணின் வேலைதான்.


முள்வேலி எழுதியது:

தம்பி ஓடைக்கரை, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் பேட்ஜர் பாதுகாப்புக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். "வெள்ளை பேட்ஜர் பார்த்தேன்", "சிவப்பு பேட்ஜர் பார்த்தேன்" என்று வரும் போன்களை எடுப்பது பெரும்பாலும் நான்தான். எல்லாரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: முகத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்ததா?

மண் கறை வெள்ளை முடியில்தான் ஏறும். கறுப்பு முடியில் செம்மண் பட்டால் புழுதி படிந்து மங்கும், அவ்வளவுதான், செம்பட்டையாக மாறாது. ஆகவே கறை ஏறிய பேட்ஜருக்கு நெற்றியின் நடு வெள்ளையும் கன்னமும் காது நுனியும் சிவந்திருக்கும், கோடு கறுப்பாகவே இருக்கும். பிறவிச் செம்பட்டையில் இது தலைகீழ். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவந்திருக்கும். நீங்கள் சொல்லும் மிருகத்துக்குக் கோடும் காலும் வயிறும் செம்பட்டை. மூன்றுமே வழக்கமாகக் கறுப்பாக இருக்கும் இடங்கள். மண் இப்படித் தேர்ந்தெடுத்துப் பூசாது.

தாழைமடல் சொல்வதும் நிஜம்தான். செம்மண் நாட்டில் வரும் "சிவப்பு பேட்ஜர்" தகவல்களில் நிறைய வெறும் மண். அதனால்தான் அந்த வெள்ளைப் பகுதியைப் பார்க்கச் சொல்கிறேன். படம் இருந்தால் போடுங்கள்.

முதுகு ஏன் மணல் நிறம் என்பதற்கு ஒரு முடியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். வேலியின் கீழ்க்கம்பியில், அவை நுழைகிற இடத்தில், கட்டாயம் நாலு முடி சிக்கியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். சரளமாக உருளாது, தட்டித் தட்டி நகரும், ஏனென்றால் பேட்ஜரின் மேல்முடி குறுக்குவெட்டில் உருண்டை இல்லை, நீள்வட்டம். நாய் முடியோ நரி முடியோ இல்லை என்பது அதிலேயே உறுதியாகிவிடும். பிறகு வெள்ளைக் காகிதத்தில் ஒருமுறையும் கறுப்புத் துணியில் ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதி வெளுப்பு, நுனிக்கு முன்னால் ஒரு கறுப்புத் துண்டு, நுனி மறுபடி வெளுப்பு. பேட்ஜரின் உடம்பில் சாம்பல் நிற முடி என்று ஒன்று கிடையாது. அந்தக் கறுப்புத் துண்டுகளும் வெளுத்த நுனிகளும் கலந்துதான் தூரத்திலிருந்து நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அந்தத் துண்டு செம்பட்டையாகிவிட்டால் சாம்பல் மணல் நிறமாகிவிடும். உங்கள் வேலியில் அப்படி நடுவில் செந்நிறத் துண்டு உள்ள முடி கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. தண்ணீரில் அலசிப் பாருங்கள். மண் என்றால் போய்விடும்.

கேமரா விஷயம்: ராத்திரி வீடியோ இன்ஃப்ராரெட்டில் எடுப்பது. அதில் நிறமே கிடையாது, எது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது மட்டும்தான் பதிவாகும். செம்பட்டை முடி இன்ஃப்ராரெட்டில் வெளிறித்தான் தெரியும், அதனால் கோடும் முகத்தோடு கரைந்துவிடுகிறது. எனக்கு வரும் "வெள்ளை பேட்ஜர்" படங்கள் பெரும்பாலும் இந்த வகை. ராத்திரிப் படத்தை மட்டும் வைத்து யாரும் அல்பினோ என்று முடிவு கட்டக் கூடாது.

அல்பினோ என்றால் உடலில் மெலனின், அதாவது முடிக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் நிறமி, அறவே இல்லை. கண் இளஞ்சிவப்பு, மூக்கும் இளஞ்சிவப்பு. முடி வெள்ளையாக வளர்ந்தாலும் வளைக்குள் புரண்டு மஞ்சளோ பழுப்போ ஏறிவிடும், ஆகவே அல்பினோகூடப் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது அபூர்வம். உடம்பு வெளுத்து, கண் மட்டும் கறுப்பாக இருந்தால் அது லூசிசம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: உடம்பு வெளிர், முகத்தில் மட்டும் அழித்து மிச்சம் விட்டது போல மங்கலான பழுப்புக் கோடு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பேட்ஜர் முகத்தின் வரைபடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். கடைசியாக, கறுத்தவை. மெலனிசம். முதுகு கரிய நிறமாகி, முகத்து வெள்ளையும் மங்கிப் போயிருக்கும். இருட்டில் கறுப்பு மிருகத்தை யார் கவனிக்கிறார்கள்? அதனால் பலவும் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கூட வந்த அந்தச் சாதாரண நிற பேட்ஜரின் பின்பக்கத்துக்கு வருகிறேன். வாலுக்கு மேலே முடி போயிருப்பது பெரும்பாலும் கடித்த இடம். எல்லைத் தகராறில் ஓடுகிறவனைத் துரத்துகிறவன் கடிப்பது அங்கேதான், கழுத்திலும் காதிலும்கூடக் கடிவடு இருக்கும். நரிகளை வாட்டும் சொறி பேட்ஜர்களிடம் மிக அரிது. பேனும் தெள்ளும் உண்டு, அவை இந்த அளவுக்கு ஓரிடத்தை வழிக்காது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கவலைப்படாதீர்கள். காயம் ஆறியபின் அங்கே முடி சில சமயம் வெள்ளையாக முளைக்கும். அதைப் பார்த்துவிட்டு "புதுவகைப் புள்ளி பேட்ஜர்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.


இரட்டைச்சுழி எழுதியது:

முள்வேலி அக்கா சொன்ன அந்தக் கறுப்புத் துண்டைப் பற்றிக் கொஞ்சம். நான் விலங்கு மரபியல் படித்தவன், அதனால் ஆசை விடவில்லை.

முடி வளரும்போது முதலில் வெளியே வருவது நுனி. ஆகவே ஒரு பேட்ஜர் முடி என்பது வேரில் உள்ள நிறமிச் செல்கள் எப்போது வேலை செய்தன, எப்போது ஓய்ந்தன என்பதன் பதிவு. முதலில் ஓய்வு: வெள்ளை நுனி. பிறகு வேலை: கறுப்பு. மறுபடி ஓய்வு: வெள்ளை அடி. காலிலும் வயிற்றிலும் முகக்கோட்டிலும் ஓய்வே இல்லாமல் வேலை நடப்பதால் அங்கே முழுக் கறுப்பு.

அந்த வேலை நேரத்தில் என்ன நிறமி தயாராகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை. மெலனினில் இரண்டு வகை: கறுப்பும் கரும்பழுப்பும் தருவது யூமெலனின், சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். பாலூட்டிகளின் நிறமிச் செல்லில் எம்சி1ஆர் என்று ஓர் ஏற்பி இருக்கிறது. அதற்குச் சமிக்ஞை கிடைத்தால் யூமெலனின், கிடைக்காவிட்டால் ஃபியோமெலனின். மனிதர்களில் செந்தலை, குதிரைகளில் செந்நிறம் எல்லாம் இந்த ஏற்பி பழுதாவதால் வருபவை. செம்பட்டை நிறத்துக்கு எரித்ரிசம் என்று பெயர். வேலை நேரம் மாறவில்லை, சரக்குதான் மாறியிருக்கிறது. அதனால்தான் கோடு கோட்டின் இடத்திலேயே இருக்கிறது.

அல்பினோவில் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்யாது. இரண்டு வகை மெலனினுக்கும் முதல் படி அதுதான் என்பதால் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, கண்ணிலும் இல்லை. லூசிசத்தில் கதை வேறு. கருவில் முதுகுத்தண்டுப் பக்கத்திலிருந்து தோலுக்குப் பரவ வேண்டிய நிறமிச் செல்கள் போய்ச் சேரவில்லை. விழித்திரையின் பின்னால் உள்ள நிறமி அடுக்கு அந்த வழியாக வருவதில்லை, கண்ணின் சொந்தத் திசுவிலிருந்தே உருவாகிறது. ஆகவே தோல் வெளுத்தாலும் கண் கறுப்பாகவே இருக்கும். கண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அல்பினோ ஒடுங்கு பண்பு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். செம்பட்டையும் மேலே சொன்ன விலங்குகளில் அப்படித்தான். சாதாரண நிறத்தில் இருக்கும் இரண்டு பேட்ஜர்கள் ஒரே ஒடுங்கு மரபணுவைச் சுமந்தால் குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு அந்த நிறம் வர வாய்ப்பு. பேட்ஜர்கள் பிறந்த குழுவை விட்டு அதிக தூரம் போவதில்லை, பல பிறந்த வளையிலேயே காலம் கழிக்கின்றன. ஆகவே ஒரு அரிய மரபணு ஒரு பள்ளத்தாக்குக்குள்ளேயே பல தலைமுறை சுற்றிக்கொண்டிருக்கும். அதே சமயம் ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் 1987 முதல் நடக்கும் ஆய்வில், குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்குத் தகப்பன் பக்கத்துக் குழுவைச் சேர்ந்தது என்று தெரிந்தது. வேலி தாண்டிய உறவு அவ்வளவு சகஜம். உங்கள் சரிவில் ஒரு செம்பட்டை இருந்தால் பக்கத்து வளையிலும் ஒன்று தென்பட நல்ல வாய்ப்பு உண்டு.

தாண்டிப் போகிறேன், இருந்தாலும்: ஆப்பிரிக்க மழைக்காடுகளில் உடல் முழுக்கக் கறுத்த தேன்வளைக்கரடிகள் (ஹனி பேட்ஜர்) உண்டு, மற்ற இடங்களில் அதற்கு முதுகில் வெள்ளைப் போர்வை. ஜப்பானிய பேட்ஜருக்கு முகக்கோடு இயல்பாகவே மங்கல், உடம்பும் பழுப்பு. இவை இனத்துக்கோ வட்டாரத்துக்கோ உரிய நிறங்கள். ஓடைக்கரை பார்த்தது தனி ஒரு பிராணியின் நிறம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.


ஓடைக்கரை எழுதியது:

நன்றி அக்கா, நன்றி இரட்டைச்சுழி. நேற்று வெளிச்சம் இருக்கும்போதே மறுபடி வந்தது, ஜன்னலிலிருந்து எடுத்த படங்களைப் போட்டிருக்கிறேன். நெற்றி நடுவில் சுத்த வெள்ளை. காது நுனி வெள்ளை. கண் கறுப்பு. சாய்வெயிலில் எல்லாமே சிவப்பாகத் தெரியுமே என்று சந்தேகப்பட்டேன், ஆனால் அதே படத்தில் பக்கத்தில் நிற்கும் மற்றதன் கோடு கறுப்பாகத்தான் இருக்கிறது. கீழ்க்கம்பியில் சாதாரண முடியோடு செந்நிறத் துண்டு உள்ள முடியும் கிடைத்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், நிறம் அப்படியே இருக்கிறது.

இன்னும் மூன்று விஷயம். இந்த நிறத்தால் அதற்குக் கஷ்டமா? கூட்டம் ஒதுக்கிவைக்குமா? வளைக்குப் பக்கத்திலேயே கேமரா வைத்தால் நல்ல படம் கிடைக்குமே, வைக்கலாமா? உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் அனுப்பச் சொல்லி ஒருவர் கேட்கிறார்.


முள்வேலி எழுதியது:

படம் பார்த்தேன் தம்பி. சந்தேகமே இல்லை, பிறவிச் செம்பட்டை. என்ன அழகு! அந்த இடது காதின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருக்கிறது, கவனித்தீர்களா? குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பக்கத்தில் இன்னொரு செம்பட்டை வந்தால் இரண்டையும் பிரித்தறிய அதுதான் உதவும்.

கூட்டம் ஒதுக்காது. பேட்ஜர் பேட்ஜரை அடையாளம் காண்பது மூக்கால். வாலுக்கு அடியில் உள்ள சுரப்பியின் வாசனையை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டே இருக்கும், ஒரு குழுவுக்கென்று பொதுவான மணம் அப்படித்தான் உண்டாகிறது. அந்த மணம் இருந்தால் அது நம்ம ஆள், நிறம் எதுவானாலும். உங்கள் படத்திலேயே மற்றது பக்கத்தில் சாதாரணமாக மேய்கிறதே. முகக்கோடு மற்ற மிருகங்களுக்கு "கிட்டே வராதே, கடிப்பேன்" என்று சொல்லும் எச்சரிக்கை என்று ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் வளர்ந்த பேட்ஜரை வேட்டையாடும் மிருகம் எதுவும் இப்போது இல்லை, ஓநாயும் கரடியும் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அல்பினோவுக்குக் கண்பார்வை குறை உண்டு, செம்பட்டைக்கு அதுவும் இல்லை. அதைக் கொல்லக்கூடியது மற்ற பேட்ஜர்களைக் கொல்லும் அதே காரும் லாரியும்தான். ஆண்டுக்குச் சுமார் 50,000 பேட்ஜர்கள் சாலையில் சாகின்றன என்பது இங்கே நெடுநாளாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கேமராவை உங்கள் தோட்டத்திலேயே வையுங்கள், வளை வாயில் வேண்டாம். 1992ஆம் ஆண்டு பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி வளையில் இருக்கும் பேட்ஜரைத் தொந்தரவு செய்வதே குற்றம், 6 மாதம் வரை சிறை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வளை வாசலில் மனித வாசனை தங்கினால் அவை வெளியே வரும் நேரத்தைத் தள்ளிப்போடும், நீங்கள் ஆசைப்படும் பகல் வெளிச்சப் படமும் போய்விடும். தோட்டத்தில் அவை நுழையும் வழிக்கு எதிரே, முழங்கால் உயரத்துக்கும் கீழே, மேற்கு வெளிச்சம் விழும்படி வைத்தால் போதும்.

பத்திரிகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊர்ப் பெயரோ சரிவின் படமோ வெளியே போகக் கூடாது. நாய்களை ஏவி பேட்ஜரைக் கிழிக்க விடும் கொடுமை 1835இலேயே தடைசெய்யப்பட்டது, ஆனாலும் திருட்டுத்தனமாக அதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரிய நிறம் என்று தெரிந்தால் படம் எடுக்க வரும் கூட்டமும் சரிவை மிதித்துவிடும். இங்கே போட்ட படங்களில் இருப்பிடத் தகவல் பதிந்திருந்தால் அதையும் நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள், தயவுசெய்து இன்றைக்கே. பதிவு நிச்சயம் வேண்டும், அதை மாவட்ட உயிரினப் பதிவு மையத்துக்கு அனுப்புங்கள், இடத்தைத் துல்லியமாக வெளியிட வேண்டாம் என்று குறிப்பிட்டால் மறைத்துவைப்பார்கள்.


தாழைமடல் எழுதியது:

படத்தைப் பார்த்த பிறகு எனக்கும் மறுபேச்சில்லை, அந்த நெற்றி வெள்ளை தெளிவாக இருக்கிறது. ஒரு கேள்வி மட்டும்: அடுத்த வருடம் முடி உதிர்ந்து புது முடி வரும்போது கோடு கறுக்குமா?


முள்வேலி எழுதியது:

கறுக்காது. பேட்ஜருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு நீண்ட உதிர்வு. வசந்தத்தில் அடிமுடி கழியத் தொடங்கி, கோடையில் மேல்முடியும் கொட்டி, இலையுதிர் காலத்துக்குள் புதுக் கோட்டு நிறைந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் பழைய முடி தேய்ந்து வெளிறி, எல்லா பேட்ஜரும் கொஞ்சம் அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். அதனால் மே, ஜூனில் வரும் "சிவப்பு பேட்ஜர்" தகவல்களை நான் இரண்டு மடங்கு சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இது புதுக் கோட்டு முளைத்த செப்டம்பரில் எடுத்த படம், ஆகவே தேய்மானம் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

ஓடைக்கரை, குட்டிகள் பிப்ரவரி வாக்கில் பிறக்கும், ஏப்ரல் கடைசி, மே மாதத்தில்தான் வளைக்கு வெளியே தலைகாட்டும். அப்போதே முகக்கோடு தெளிவாக இருக்கும். அந்த வாரங்களில் மாலை வெளிச்சத்தில் கிடைக்கும் ஒவ்வொரு குட்டி முகத்தையும் எடுத்துவைத்து எனக்கு அனுப்புங்கள், கறுப்புக் கோடாக இருந்தாலும் சரி. எத்தனைக்கு எத்தனை செம்பட்டை என்று தெரிந்தால்தான் இரட்டைச்சுழி தம்பியிடம் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.